டெட்லைனுக்குப் பயந்து கொளுத்தின கதை

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஏகப்பட்ட ஆணி. டெட்லைன் நெருங்க நெருங்க வயித்துல புளியைக் கரைக்குது. இந்த நேரம் பார்த்தா வெனிஸ் நகரத்து லா ஃபெனிச்சே ஆப்பரா அரங்கத்தோட கதையைப் படிக்கணும்? தூக்கமே போச்சு. நீங்களும் கேளுங்க மக்களே.

1774-ல வெனிஸ்ல சான் பெனடெட்டோங்கற அரங்கம் எரிஞ்சுபோச்சு. திரும்பக் கட்டினதும், அது யாருக்குச் சொந்தம்னு வழக்கு. தோத்த சங்கத்தார் வேற இடத்துல புதுசா ஒண்ணு கட்டி 1792-ல திறந்தாங்க. அதுக்கு வச்ச பேருதான் லா ஃபெனிச்சே, அதாவது ஃபீனிக்ஸ் பறவை. நல்ல ராசியான பேரு போங்க! 1836 டிசம்பர்ல இதுவும் எரிஞ்சது. ஒரே வருஷத்துல மறுபடி கட்டிட்டாங்க. வெர்டியோட ரிகோலெட்டோ (1851), லா டிராவியாட்டா (1853) ரெண்டும் முதன்முதலா மேடையேறினது இங்கதான். இன்னிக்கு உலகமே கொண்டாடுற லா டிராவியாட்டா அன்னிக்கு ஃப்ளாப் :-)

அப்புறம் 1996. அரங்கத்துல மராமத்து வேலை நடந்துக்கிட்டிருந்தது. ஜனவரி 29 ராத்திரி தீ. சுத்தியிருந்த கால்வாயைத் தூர்வாரத் தண்ணியை வடிச்சு வச்சிருந்தாங்க. தீயணைப்புப் படகு கிட்டவே வர முடியல. தண்ணியில மிதக்கிற ஊரு, பக்கத்துல தண்ணி இல்லாம எரிஞ்சது! மிஞ்சினது வெளிச்சுவர் மட்டும்.

கொளுத்தினது யாரு? அங்கே வயரிங் வேலை செஞ்ச ரெண்டு எலெக்ட்ரீஷியன்கள். வேலை தாமதம், அபராதம் கட்டணும். அதுல இருந்து தப்பிக்கத்தான் தீ வச்சாங்கன்னு 2001-ல தீர்ப்பாச்சு. ஒருத்தருக்கு 7 வருஷம், இன்னொருத்தருக்கு 6 வருஷம் சிறை.

எனக்குச் சிரிப்பு வரல. போன வருஷம் பாதியில நின்ன ஒரு மாட்யூலை ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல "முடிஞ்சது"ன்னு போட்டேன். ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்னு கணக்கு. முடியல. பாவம், கூட வேலை செய்யற மூணு பேர் ராப்பகலா உட்கார்ந்து சரி பண்ணினாங்க. அதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்தான். ஆனா கிளம்புற இடம் ஒண்ணு: "லேட்டாகும்"னு சொல்லப் பயம்.

வெனிஸ்காரங்க என்ன பண்ணாங்க? 1902-ல அவங்க ஊரு மணிக்கூண்டு இடிஞ்சப்ப செஞ்ச மாதிரியே, இருந்த இடத்துல இருந்தபடியே கட்டறதுன்னு முடிவெடுத்தாங்க. ஆல்டோ ரோஸி வடிவமைச்சார். 1997-லயே அவரும் போய்ச் சேர்ந்துட்டார். உள்ளே எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சுக்க உதவின பேக்கப் எது தெரியுமா? ஒரு சினிமா! விஸ்கோன்டியோட சென்ஸோ (1954) படத்தோட முதல் காட்சி இங்கே எடுத்ததுதான். 2003 டிசம்பர்ல அரங்கம் திறந்தப்ப கிட்டத்தட்ட எட்டு வருஷம் ஓடியிருந்தது.

ஒரு அபராதத்துக்குப் பயந்ததுக்கு ஒரு ஊரு கொடுத்த விலை இது.

நாளைக்குக் காலைல முதல் வேலையா டேமேஜர்கிட்ட போய் "ஒரு வாரம் லேட்டாகும் சார்"னு சொல்லப் போறேன். திட்டுவாரு. திட்டட்டும்.