போட்டி நிறுவனங்கள் கைகோத்த கதை



உங்களில் பலர் மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவது உங்களுக்கு அன்றாட வழக்கம். இந்த வழக்கம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியுமா?

1950-களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனம் 701 என்ற கணினியை வாடகைக்கு விட்டது. மொத்தம் 19 மட்டுமே தயாரானது. அவற்றில் பல, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலிருந்த விமான நிறுவனங்களுக்குப் போயின. இயந்திரம் வந்ததே தவிர, அதோடு வந்த நிரல்கள் மிகக் குறைவு. வர்க்கமூலம் காண்பது போன்ற எளிய வேலைக்குக்கூட ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே ஆள் வைத்து எழுதியது. அடுத்து 704 வரப்போகிறது என்ற செய்தி வந்தது. 701-க்கு எழுதியது எதுவும் அதில் அப்படியே ஓடாது. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுதவேண்டிய நிலை.

1955 ஆகஸ்டில் சான்டா மோனிகா நகரில், ராண்ட் ஆய்வு நிறுவனத்தில், இந்த நிறுவனங்களின் ஆட்கள் கூடினார்கள். 'ஷேர்' என்ற பயனாளர் சங்கம் அங்கே பிறந்தது. ஒப்பந்தங்களுக்காக ஒருவரோடு ஒருவர் மோதிய நிறுவனங்கள், கணினி அறையில் மட்டும் கூட்டாளிகள் ஆயின.

பகிர்வதற்கு நல்ல மனம் மட்டும் போதாது என்பதை அவர்கள் சீக்கிரமே உணர்ந்தார்கள். ஒவ்வொருவர் எழுதும் முறையும் வேறாக இருந்தால் மற்றவருக்கு எப்படிப் புரியும்? எனவே யுனைடெட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ராய் நட் உருவாக்கிய 'சாப்' மொழிபெயர்ப்பியைப் பொதுவாக ஏற்றார்கள். சொந்தமாக ஒன்றைச் செய்து வைத்திருந்தவர்கள் அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பொது நூலகத்துக்கு வந்த நிரல்களுக்குத் துளையிட்ட அட்டைகளோடு விளக்கக் குறிப்பும் உண்டு. என்ன செய்யும், எப்படி இயக்குவது என்று எழுதி வைக்காத நிரலால் அடுத்தவருக்கு என்ன பயன்?

வணிகக் கணக்குகளுக்குக் கணினியைப் பயன்படுத்தியவர்களும் 1956-இல் 'கைடு' என்ற தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஷேரிலும் அலுவலக வேலை இடம்பிடித்தது. ஹான்ஃபோர்டு அணு ஆலையை நடத்திய ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார், கோப்புகளைப் புதுப்பிக்கவும் அறிக்கை தயாரிக்கவும் ஒரு பொது முறையை உருவாக்கியிருந்தார்கள். ஒவ்வோர் அறிக்கைக்கும் புது நிரல் எழுதாமல், என்ன வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் போதும். டவ் கெமிக்கலில் இருந்த சார்லஸ் பாக்மன் தலைமையில் ஷேர் குழுவினர் அதை வளர்த்து, 709 கணினிக்கு '9பேக்' ஆக்கினார்கள். பாக்மன் பிறகு தரவுத்தளத் துறையின் முன்னோடியாகி 1973-இல் டூரிங் விருது பெற்றார்.

வங்கியில் எழுத்தராக இருந்த எனக்கு இதன் அருமை புரிகிறது. அரையாண்டு வட்டி போடும் வரிசை ஒருவருக்கு மட்டுமே அத்துப்படியாக இருந்த கிளைகள் உண்டு. அவருக்கு மாற்றல் வந்தால், அந்த வேலையும் அவரோடு ஊர் மாறிவிடும்.

நம் வளாகத்தை நினைத்துப் பாருங்கள். பராமரிப்புத் தொகைக்கான எக்செல் தாள், மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு மாற்றும் முறை, லாரித் தண்ணீர்க் கணக்கு என எத்தனை விஷயங்கள் ஓரிருவர் தலைக்குள் இருக்கின்றன! பொருளாளர் வீடு மாறினால் என்ன ஆகும்?

உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை, படி 1, படி 2 என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அந்த வேலையைச் செய்தே இராத ஒருவர் அதைப் படித்துச் செய்துபார்க்கட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே இன்னும் ஒரு வரி சேர்க்கவேண்டும்.