பல்லாவரத்து ஏரோப்ளேனும் ஒரு போல்ட்டும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரமுடியல. மன்னிச்சுக்குங்க மக்களே.

போன ஞாயித்துக்கிழமை விமான மெயின்டனன்ஸ்ல இருக்கற நண்பன் அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்திருந்தான். மொட்டை மாடியில டீ குடிச்சுக்கிட்டே ஒரே புலம்பல். ரெண்டு சீட்டு விமானம் ஒண்ணு ஒரே ஒரு போல்ட்டுக்காக ஹேங்கர்ல நிக்குதாம். போல்ட் கையில இருக்கு, அளவும் சரி. கூட வரவேண்டிய ரிலீஸ் சர்டிபிகேட் மட்டும் இல்ல. "இதெல்லாம் ரொம்ப ஓவர்டா"ன்னேன். பயபுள்ள சிரிச்சுட்டுப் போயிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரல.

பேப்பரே கேக்காத காலமும் இருந்துச்சு, அதுவும் நம்ம பக்கத்து ஊர்லயே. மவுண்ட் ரோட்ல ஹோட்டல் நடத்தின கோர்சிகாக்காரர் டி'ஏஞ்சலிஸ், தன் டிசைன்ல ஒரு விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில செய்யச் சொன்னார். குதிரை வண்டி செஞ்சு பேர் வாங்கின அதே சிம்ப்சன்தான். 1910ல பல்லாவரத்துல ஓட்டிப் பார்த்துட்டு, மார்ச்ல தீவுத்திடல்ல டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினார். எந்த மரம், எந்த ஆணின்னு கேக்க ஒரு அதிகாரியும் கிடையாது. அடுத்த வருஷமே, 1911ல, விமானம் செய்யறது, வச்சுக்கறது, இறக்குமதி பண்றது எல்லாத்துக்கும் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுடுச்சு. அப்புறம் 1934 சட்டம், 1937 விதிகள். 2024ல வந்த பாரதிய வாயுயான் அதிநியம் 1934 சட்டத்தோட இடத்தைப் பிடிச்சது.

இந்த ஏற்பாட்டோட அடிப்படை, நம்ம பொட்டி தட்டற ஆளுங்களுக்கு ஈஸியா புரியும். டைப் சர்டிபிகேட்ங்கறது ஒரு டிசைனுக்குக் கொடுக்கற ஒப்புதல். இன்ன உலோகம், இன்ன போல்ட், இன்ன இன்ஜின்னு எல்லாம் அதுல அடக்கம். ஒண்ணை மாத்தினா அது ஒப்புதல் வாங்கின விமானமே இல்ல. டெஸ்ட் பண்ணாத கோடை நேரா புரொடக்‌ஷன்ல ஏத்தற மாதிரி. (நான் ஏத்தியிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். அந்தக் கதை வேணாம்.)

ஆனா நம்ம தப்புக்கு சர்வர்தான் விழும். 1989 செப்டம்பர் 8ல ஆஸ்லோவிலேர்ந்து ஹாம்பர்க் போன பார்ட்நேர் கான்வேர் 580 டென்மார்க் பக்கத்துல கடல்ல விழுந்து 55 பேரும் போயிட்டாங்க. வால் துடுப்பைப் பிடிச்சிருந்த போல்ட்டுங்கள்ல போலி இருந்தது விசாரணையில தெரிஞ்சது. பார்க்க அசல் மாதிரிதான் இருந்திருக்கும். இதைப் படிச்சப்புறம் நண்பனுக்கு போன் போட்டு "ஓவர்"னு சொன்னதை வாபஸ் வாங்கினேன்.

மாத்தவே கூடாதுன்னும் இல்ல. மாத்தினா திரும்ப நிரூபிக்கணும். பெங்களூர் என்ஏஎல்லோட ஹன்சா 1993 நவம்பர்ல முதல்ல பறந்துச்சு. வேற இன்ஜின் போட்டு, எடையைக் குறைச்சு, டிஜிசிஏ சர்டிபிகேட் வாங்கும்போது 2000 ஆயிடுச்சு. அதே விமானத்துக்குப் புது ரோட்டாக்ஸ் இன்ஜினும் டிஜிட்டல் காக்பிட்டும் போட்டு ஹன்சா என்ஜின்னு 2021 செப்டம்பர்ல பறக்கவிட்டாங்க. அது 2022 பிப்ரவரியில பெங்களூர்லேர்ந்து புதுச்சேரிக்குப் பறந்து வந்துச்சு. பீச் பார்க்க இல்லீங்க. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல கிட்டத்தட்ட 3000 அடி, காத்து லேசு. கடல் மட்டத்துக் கனமான காத்துல இன்ஜினும் இறக்கையும் வேற மாதிரி நடந்துக்கும். ஏறுற வேகம், இறங்கும்போது மனசு மாறி மறுபடி மேலேறுறது எல்லாத்தையும் மார்ச் முதல் வாரம் வரைக்கும் சோதிச்சாங்க.

நண்பனோட போல்ட்டுக்குப் பேப்பர் இன்னும் வரலியாம். டி'ஏஞ்சலிஸ் பல்லாவரத்துல எந்த மைதானத்துல ஓட்டினார்னு யார் வீட்டுத் தாத்தாவாவது சொல்லியிருந்தா பின்னூட்டத்துல போடுங்க, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரேன்.