மொய் நோட்டும் சேமிப்புப் புத்தகமும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் சம்பள நாள் மாலை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அலுவலக வாசலில் வரிசை. கிராணியார் பெயர் கூப்பிடுகிறார். கைநாட்டு வைத்துப் பணம் வாங்கித் திரும்பினால், எதிரிலேயே கடைக்காரர் பற்று நோட்டுடன் நிற்கிறார். அவருக்குக் கொடுத்து மிஞ்சியதோடு வீட்டுக்கு வந்தால், கதவு நிலையில் ஒரு கல்யாணப் பத்திரிகை செருகியிருக்கிறது. அடுத்த வாரம் கோயில் திருவிழா. அதற்கும் வரி உண்டு. இவ்வளவுக்கும் பிறகு சேமிப்பது எப்படி?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் புதிதாக வந்ததன்று. நம் தாத்தா பாட்டிமாரும் இதே கேள்வியோடுதான் வாழ்ந்தார்கள். நாலு பேரோடு கூடி வாழவும் வேண்டும், நாளைக்கென்று நாலு காசு வைக்கவும் வேண்டும் என்ற இந்த இரண்டையும் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் அவர்கள் கையில் வந்த பணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் திரட்டி வந்தார்கள். 1920களின் இறுதியில், மலாயாவின் முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வரையறுக்கப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை. ரப்பர் விலை சரிந்ததும் 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. பின்னர் இன்னும் இறங்கியது. வேலையில்லாமல் பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். இந்தக் கூலியில்தான் அரிசி, உப்பு, துணி, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் நடந்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட நிலையில் ஒரு லயத்தில் கல்யாணம் வந்தால் என்ன செய்வார்கள்? தனி ஒருவரால் முடியாததை எல்லாரும் சேர்ந்து செய்தார்கள். மொய் என்பது அதுதான். பந்தலில் ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்து, இன்னார் மகன் இன்னார் இவ்வளவு என்று எழுதிக்கொள்வார். நாளை அந்த இன்னார் வீட்டில் காரியம் வரும்போது, அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்குக் குறையாமல் திருப்பிச் செய்வார்கள். வங்கி எட்டாத இடத்தில் மொய் நோட்டே வங்கியாக இருந்தது. வட்டி இல்லை, ஈடு இல்லை. நாணயம் ஒன்றே ஜாமீன்.

ஆனால் நேயர்களே, மொய்க்கு இன்னொரு முகமும் உண்டு. வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்வதே கௌரவம் என்று ஆனபோது, கௌரவத்துக்காகக் கடன் வாங்கும் வழக்கமும் வந்தது. ஐந்து வெள்ளி மொய் எழுதக் கடைக்காரரிடம் ஐந்து வெள்ளி பற்று வைத்தவர்கள் நம்மிடையே உண்டு. உதவிக்கென்று பிறந்த வழக்கம் சுமையாக மாறியது இப்படித்தான்.

அடுத்தது கூட்டு. பத்துப் பேர் சேருவார்கள். மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி. நூறு வெள்ளி சேர்ந்ததும், சீட்டுக் குலுக்கியோ ஏலம் விட்டோ ஒருவருக்குக் கொடுப்பார்கள். பத்து மாதத்தில் பத்துப் பேருக்கும் முறை வந்துவிடும். ஒரு கறவை மாடு, ஒரு தையல் இயந்திரம், மகளுக்கு ஒரு ஜோடித் தோடு ஆகியவை பல வீடுகளுக்குக் கூட்டுப் பணத்தில்தான் வந்தன. பெரும்பாலும் பெண்களே இதில் முன்நின்றார்கள். ஆயாக் கொட்டகை வாசலிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பேசி முடித்த கணக்கு அது.

இங்கும் ஆபத்து இருந்தது. முதலில் பணம் எடுத்தவர் பிறகு கட்டாமல் போனால், கடைசியில் நிற்பவர் ஏமாந்தார். கூட்டுப் பிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டு, பெருந்தொகை சேர்ந்ததும் மறைந்தவர்களும் இருந்தார்கள். இதனால்தான் கூட்டு நடத்தும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 1971இல் மலேசியாவில் இயற்றப்பட்டது. நம்பிக்கை நல்லதுதான், ஆனால் கணக்கில்லாத நம்பிக்கை, பூட்டில்லாத பெட்டி போன்றது.

நம்பிக்கையோடு கணக்கையும் சேர்த்த ஏற்பாடு கூட்டுறவுச் சங்கம். இந்நாட்டில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதன்கீழ்த் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கென்று சிக்கன நாணயச் சங்கங்கள் ஏற்பட்டன. மாதந்தோறும் ஒரு சிறு தொகை கட்டினார்கள். ஊர் திரும்பும்போது பலர் அந்தச் சேமிப்பை மொத்தமாக எடுத்துச் சென்றார்கள். அவசரத்துக்குக் கடனும் கிடைத்தது. கூட்டில் இருந்த அதே கூடிச் சேரும் குணம் இதிலும் உண்டு. ஆனால் இங்கே புத்தகம் உண்டு, தணிக்கை உண்டு, கேள்வி கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு.

சேமிப்பைக் கரைத்ததில் பெரும்பங்கு கள்ளுக்கடைக்கும் உண்டு. வேலை முடிந்து நாலு பேர் கூடிப் பேச வேறு இடமில்லாத தோட்டங்களில், கள்ளுக்கடையே ஆண்களின் சந்திப்பு இடமாக இருந்தது. இதை நம் முன்னோர் உணராமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பளம் உயர வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்தப் பட்டியலில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கள்ளுக்கடை வேண்டாம் என்றவர்களே, சொந்தபந்தம் வந்துபோக வேண்டும் என்றும் கேட்டார்கள். கூடி வாழ்வதை அவர்கள் விடச் சொல்லவில்லை. எந்தக் கூடல் குடும்பத்தை வளர்க்கிறது, எது குடும்பத்தை அழிக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். அந்தப் போராட்டம் படை கொண்டு ஒடுக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் இழந்தனர். ஆனாலும் அவர்கள் கேட்டது நியாயம் என்பதை வரலாறு மறக்கவில்லை.

போருக்குப் பின் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. தொடக்கத்தில் சம்பளத்தில் நூற்றுக்கு 5 வெள்ளி தொழிலாளியிடமிருந்தும், 5 வெள்ளி முதலாளியிடமிருந்தும் சேர்ந்தன. சம்பளம் கைக்கு வருமுன்பே சேமிப்பு ஒதுங்கிவிட்டது. செலவு போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று காத்திருந்தால் எதுவும் மிஞ்சாது; சேமித்தது போக மிஞ்சியதைச் செலவிட வேண்டும் என்ற பாடத்தைச் சேமநிதி நடத்திக் காட்டியது.

அந்தப் பாடம் எவ்வளவு அவசியமானது என்பது 1950களில் தெரிந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கிப் பலருக்கு விற்றார்கள். சிறு துண்டு வாங்கியவருக்கு அத்தனை தொழிலாளர் தேவைப்படவில்லை. வேலை போனது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், வேலையோடு வீடும் போனது. பிள்ளைகள் படித்த பள்ளியும் கும்பிட்ட கோயிலும் கைவிட்டுப் போயின. தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் திருத்தியவர்களுக்கு, ஒரு கை அகல நிலம் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அப்போது பிறந்ததுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் அதைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார். ஒரு பங்கு 100 வெள்ளி. ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அக்காலத்தில் பால்மரம் வெட்டுபவரின் நாட்சம்பளம் ஏறத்தாழ 3 வெள்ளி என்றால், அந்தப் பத்து வெள்ளி மூன்று நாள் உழைப்புக்கும் மேல். அதைக் கொடுத்தவர்கள் வயிற்றைக் கட்டித்தான் கொடுத்தார்கள். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே சங்கத்தின் முதல் தோட்டம். கூலியாக வந்தவர்களின் பத்து வெள்ளிகள் சேர்ந்து ஒரு தோட்டத்துக்கே சொந்தமான நாள் அது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது? சேமிப்பவன் கஞ்சன், நாலு பேரோடு பழகுபவன் ஊதாரி என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். நம் முன்னோர் பெரிதாகச் சேமித்ததெல்லாம் நாலு பேரோடு சேர்ந்துதான் என்பதை மறந்துவிடுகிறோம். மொய், கூட்டு, சங்கம் ஆகிய மூன்றுக்கும் வேர் ஒன்றே. கணக்கும் அளவும் இருந்தபோது அவை குடும்பத்தைத் தூக்கிவிட்டன. அவை இல்லாதபோது கடனில் தள்ளின.

ஆகவே, பத்திரிகை வந்தால் கல்யாணத்துக்குப் போவோம், மொய்யும் செய்வோம். ஆனால் நம் வருமானம் தாங்கும் அளவுக்குச் செய்வோம். கடன் வாங்கிச் செய்யும் மொய்யைவிட, முதல் நாளே போய்ப் பந்தல் போட்டு, காய்கறி நறுக்கிக் கொடுக்கும் கை பெரியது. மொய் வாங்கும் வீட்டாரும் நோட்டில் உள்ள தொகையைப் பார்த்து மனிதரை எடை போடாமல் இருப்போம். சம்பளம் வந்த அன்றே, கடைக்கும் கோயிலுக்கும் முன்பாக, சேமிப்புக்கு ஒரு தொகையை எடுத்து வைப்போம். அது பத்து வெள்ளியாகவே இருந்தாலும் சரி. கணக்கை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அறியச் செய்வோம்.

இன்று நாம் அறிந்த தோட்டங்கள் பல இல்லை. மரங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் வந்துவிட்டன. லயங்கள் கலைந்தபோது, கையில் சேமிப்பு இருந்த குடும்பங்கள் முன்பணம் கட்டி ஒரு வீட்டுக்குள் நுழைந்தன. இல்லாத குடும்பங்கள் வாடகைக்கு இடம் தேடி அலைந்தன. அந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டவர்கள் நாம். நம் வீட்டு அலமாரியில் மொய் நோட்டும் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே சேமிப்புப் புத்தகமும் இருக்கட்டும். ஒன்று நமக்கு உறவைக் காத்துத் தரும். மற்றது நம் பிள்ளைகளுக்குக் கூரையைக் காத்துத் தரும்.