ஆற்றுவாயை எப்போது வெட்டுவது? மட்டக்களப்பு வாவியைத் தீர்மானிப்பவர்கள்

மட்டக்களப்பு வாவி என்றதும் பாடும் மீன்கள்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு பாலமீன்மடுவின் மணல் திட்டு நினைவு வருகிறது. வாவியின் நிர்வாகம் யார் கையில் என்பது அங்கேதான் தெரியும்.

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி கடலைச் சந்திப்பது இரண்டே இடங்களில்: பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் ஆற்றுவாய் மணலால் அடைபட்டுவிடும். மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் அந்தத் தண்ணீரும் வாவிக்குத்தான் வரும். வாய் மூடியிருந்தால் படுவான்கரையின் பெரும்போக வயல்கள் மூழ்கும். உடனே வெட்டுங்கள் என்பார் விவசாயி. பொறுங்கள் என்பார் மீனவர். வாய் திறந்தால் வாவியில் வளர்ந்த இறால் நீரோட்டத்தோடு கடலுக்குப் போய்விடும். இருவர் சொல்வதும் நியாயம்தான்.

அதனால் மாவட்டச் செயலாளர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களம், விவசாயிகள், மீனவர்கள் கூடிப் பேசிய பிறகே பெக்கோ இயந்திரம் மணலில் இறங்க வேண்டும். என் பார்வையில், வாவிக்கென உள்ள உண்மையான கூட்டு நிர்வாகம் இதுதான்.

2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடமும் எழுவான்கரை அரசிடமும் இருந்தன. ஒரே வாவியின் இரு கரையாரும் ஒன்றாக அமர்வது இலகுவாக இருக்கவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கரையோரக் கண்டல்கள் வெட்டப்பட்டன. மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதே 2014இல்தான்.

இன்று மேசை இருக்கிறது, ஆனால் அது சமமானதல்ல. விவசாயிகளுக்கு வட்டை விதானை இருக்கிறார், போக ஆரம்பக் கூட்டம் இருக்கிறது, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின் அங்கீகாரமும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் மீனவர் குழுக்களுக்கு இடம் தருகிறது. ஆனால் துறைக்கொரு சங்கமாக நிற்கும் வாவி மீனவரின் குரல் கூட்டங்களில் சன்னமாகவே கேட்கிறது.

கரையை நிரப்பி வேலி போடுபவரைத் தடுக்க அப்படியொரு மேசைகூட இல்லை. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் ஆற்றுவாயிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரையே எட்டியது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம்தான் வாவியின் நீர்ப்பரப்பையும் அதைச் சுற்றி 100 மீற்றர் நிலத்தையும் சேர்த்தது. நடைமுறையில் காணிக்கு பிரதேச செயலகம், குப்பைக்கு உள்ளூராட்சி சபை, கண்டலுக்கு வனத் திணைக்களம் என்று அலைய வேண்டும். அலைந்து முடிவதற்குள் கிரவல் கொட்டியாகிவிடும்.

ஆற்றுவாய்க்காகக் கூடும் அதே கூட்டம், மாரிக்கு முன்னரே ஒரு தடவை கூடி, கரை நிரப்பலையும் எடுக்கலாம். மீனவர் சங்கங்கள் அதற்கு ஒரே கடிதத்தோடு, எந்த நீர்மட்டத்தில் வெட்டலாம் என்று எழுதிக்கொண்டு போக வேண்டும்.