பாரி நாயனம்: சொல்லிச் செய்த நாகசுரம்

பாரி நாயனம் என்பது நாகசுரத்தின் நீண்ட, தாழ்ந்த சுருதி கொண்ட வகை. இன்று கோயில் உற்சவத்திலும் திருமண வீட்டிலும் கச்சேரி மேடையிலும் கேட்கும் நாகசுரம் பெரும்பாலும் இதுவே. 20ஆம் நூற்றாண்டில் ஒரு வித்வான் தன் தேவையைச் சொல்ல, ஓர் ஆசாரி அதற்கேற்பக் கடைந்து கொடுத்ததில் இதன் இன்றைய வடிவம் உருவானது. காவிரிக் கரையில் பிறந்த அந்த வடிவத்துக்குத் தாமிரபரணிக் கரையிலிருந்து பெரும் புகழ் சேர்த்தவர் காருகுறிச்சி அருணாசலம்.

திமிரியும் பாரியும்

பாரிக்கு முன் பரவலாக இருந்தது திமிரி நாயனம். அது குட்டையானது, நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிப்பது (கட்டை என்பது சுருதியின் அளவு). ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தேரோடும் வீதியின் கடைசி வரை கேட்க வேண்டிய கருவிக்கு அந்த உச்சக் குரல் பொருத்தமாகவே இருந்தது. பாரியோ இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். அடிப்பகுதியான அணசோடு சேர்த்து அளந்தால் இரண்டரை அடியைத் தாண்டும்.

திமிரியில் ஒரு குறையும் இருந்தது. ‘ம’ சுரத்தின் தாழ்ந்த வடிவமான சுத்த மத்திமம் அதில் சரியாகப் பேசாது. உயர்ந்த வடிவமான பிரதி மத்திமமே இயல்பாக வரும். வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்.

வித்வானும் ஆசாரியும்

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பெயரைச் சொன்னாலே தோடி ராகம் நினைவுக்கு வரும். தோடியின் மத்திமம் சுத்த மத்திமம். அந்த ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் ஒருவருக்கு, ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்டுப் பெற வேண்டிய மத்திமம் எவ்வளவு பெரிய தடையாக இருந்திருக்கும் என்பதை இசை கேட்பவர் எவரும் உணரலாம். திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே, கும்பகோணம்–மயிலாடுதுறை வழியில் இருக்கிறது நாகசுரம் கடையும் ஊரான நரசிங்கம்பேட்டை. அங்கிருந்த ரங்கநாதன் ஆச்சாரி இராஜரத்தினம் பிள்ளைக்காகக் குழலை நீட்டி, உட்புறக் குடைவையும் துளைகளின் இடத்தையும் மாற்றி, சுத்த மத்திமம் தானாக ஒலிக்கும் கருவியைச் செய்தார்.

ஒருவருக்காகச் செய்தது பிறருக்கும் அளவானது. கருவியின் சுருதி இறங்கியதும் கூட வருபவையும் இறங்க வேண்டியிருந்தது: சுருதி கொடுக்கும் ஒத்து அதே சுருதிக்கு மாற வேண்டும், தவிலும் அதற்கு இணங்க வேண்டும்.

சுருதி இறங்கினால் குழல் நீளும்

இதன் கணக்கு எளிது. நான்கு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறங்குவது மூன்று அரைச்சுர இடைவெளி. அப்போது ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடுகிறது. குழல் அதே விகிதத்தில் நீண்டால் துளைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். விரல்கள் அகல வேண்டும். துளையைப் பெரிதாக்கினாலோ ஊதும் முனையான சீவாளிப் பக்கமாக நகர்த்தினாலோ அந்தச் சுரம் ஏறும், சிறிதாக்கினால் இறங்கும். ஆகவே காதுக்குச் சரியான இடத்துக்கும் விரலுக்கு எட்டும் இடத்துக்கும் நடுவே ஒவ்வொரு துளைக்கும் ஆசாரி தீர்வு காண்கிறார்.

நரம்புக் கருவிகளிலும் இதே சிக்கல் உண்டு. 1951இல் கித்தார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் கித்தாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். அவருடைய சாதாரண கித்தாரில் அது 25.5 அங்குலம்தான். தாழ்ந்த சுரத்துக்கு நீளம் வேண்டும், நீளத்துக்கு விரல் விரிய வேண்டும். அதனால் பேஸ் வாசிப்பவர்கள் சிலர் கருவியின் கழுத்தை மட்டும் தனியாகச் சொல்லிச் செய்து வாங்குகிறார்கள். தந்தி நீளம், அகலம், பின்புற வளைவு, மரம் எல்லாவற்றையும் தம் கைக்கேற்பக் கேட்கிறார்கள். கடைசல் பட்டறைக்கு நாகசுரக்காரர் கொண்டுபோகும் கேள்விகளும் இவையே.

மரமும் துளையும்

நாகசுரத்தின் உடல் உலவு. கூம்பு வடிவில் கீழே விரியும். அதன் அடியில் அணசு, மேலே உலோகக் கெண்டை, கெண்டையின் நுனியில் நாணலால் ஆன சீவாளி. உலவுக்கு உகந்தது ஆச்சா மரம். இந்திய மரங்களில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டுகள் காய்ந்த உத்திரங்களையும் தூண்களையும் ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். வாசிப்பவரின் மூச்சு ஈரத்தை நாள்தோறும் உள்ளே வாங்கும் குழல், காயாத மரத்தில் செய்தால் வெடிக்கும், கோணும்.

துளைகள் பன்னிரண்டு. ஏழு விரல்களுக்கு, மற்ற ஐந்தும் கீழ்ப்பகுதியில் இருப்பவை. இந்தக் கீழ்த் துளைகளை மெழுகால் அடைத்தும் குறைத்தும் வாசிப்பவர் சுருதியைச் சரிசெய்துகொள்கிறார். பட்டறையில் முடிந்த வேலை வாசிப்பவரின் கையில் இப்படித் தொடர்கிறது. சீவாளியும் அப்படித்தான். ஒருவருக்கு இசையும் சீவாளி இன்னொருவருக்கு இசையாது. கருவியில் பல சீவாளிகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்.

தாமிரபரணிக் கரையில்

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில் உள்ள காருகுறிச்சி, மண்பாண்டங்களுக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கு 1921இல் பிறந்த அருணாசலம் இராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்து, அவருடன் இணைந்து வாசித்து, பின்னர் தனிப் பெருங்கலைஞராக உயர்ந்தார். குருவின் தாழ்ந்த சுருதி நாயனத்தில் நெல்லைச் சீமைக்குரிய ஒரு குழைவை அவர் சேர்த்தார். ராக ஆலாபனையில் அந்தக் குரல் நீண்டு நிதானமாக நகரும்.

1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ஆபேரி ராகப் பாடலில் எஸ். ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாகசுரமும் சரிசமமாகப் பேசிக்கொள்கின்றன. ஆபேரிக்கும் சுத்த மத்திமம்தான். திமிரியில் தயங்கிய சுரம் வானொலி வழியே வீடுதோறும் தடையின்றி ஒலித்தது. அருணாசலம் 1964இல், நாற்பது கடந்த சில ஆண்டுகளிலேயே மறைந்தார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு.

இதே ஆற்றங்கரையில் மரத்துக்கு மாற்றான முயற்சியும் நடந்திருக்கிறது. ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் கல்லில் குடைந்த நாகசுரம் இருக்கிறது. கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலிலும் அப்படி ஒன்று உண்டு. கல் கோணாது, வெடிக்காது. ஆனால் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு வீதியுலாவில் வாசிப்பது கடினம்.

இன்று

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தாலும், பழைய ஆச்சா மரம் அரிதாகிக்கொண்டே வருகிறது. கடைசல் தொழிலில் இருக்கும் குடும்பங்களும் சில மட்டுமே. திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் நாகசுரமும் தவிலும் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. அங்கு பயின்று சொந்தக் கருவி செய்யச் சொல்ல விரும்பும் மாணவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது கட்டை. அடுத்து, தன் சீவாளியைக் கையோடு கொண்டுபோய் அதிலேயே ஒவ்வொரு சுரத்தையும் ஊதிப் பார்க்க வேண்டும். சுத்த மத்திமத்தை உதட்டால் திருத்தாமல், மூச்சை ஏற்றாமல் ஊதி, அது தானாக நிற்கிறதா என்று கேட்டுவிட்டே கருவியை வாங்க வேண்டும்.