கடையும் கல்லூரியும்: வணிகம் பயிலும் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வது

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "பி.காம். படித்து என்ன ஆகப்போகிறது? வாப்பாவோடு கடையில் உட்கார்ந்தால் மூன்று வருடத்தில் தொழிலே கைக்கு வந்துவிடும்" என்பார் ஒரு பெரியவர். "பட்டம் இல்லாவிட்டால் நாளைக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேச முடியுமா?" என்பார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் கல்லூரி என்பது ஒரு காகிதம்தான். முன்னவருக்கு அது வேண்டாத காகிதம். பின்னவருக்கு வேண்டிய காகிதம். அந்த மூன்று ஆண்டுகளில் நம் மகனோ மகளோ எதைக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்று கேட்பவர் குறைவு. கடையில் அமர்ந்தவர்களும் கல்வியைத் தேடியவர்களும் ஒருவராகவே இருந்த சமுதாயம் நம்முடையது. ஆகவே இந்தக் கேள்விக்கான விடையை நம் வரலாற்றிலேயே தேடுவோம்.

ஹிஜ்ரி 80ஆம் ஆண்டில் கூஃபா நகரில் பிறந்தவர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). இளமையில் அவர் ஒரு துணி வணிகர். ஒருநாள் அறிஞர் ஷஅபீ (ரஹ்) அவரை அழைத்து, "எங்கே போய்வருகிறீர்?" என்று வினவினார். கடைத்தெருவுக்கு என்று விடை வந்தது. தாம் கேட்டது கடைத்தெருவைப் பற்றியன்று, எந்த அறிஞரிடம் போய்வருகிறீர் என்பதையே என்றார் ஷஅபீ. இந்த இளைஞரிடம் கூர்மை இருப்பதைக் கண்டு, கல்வியை விட்டுவிட வேண்டாம் என்று அறிவுறுத்தினார். அந்தச் சொல் உள்ளத்தில் தைத்தது. பின்னர் ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் சுமார் 18 ஆண்டுகள் மாணவராக இருந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நாம் கவனிக்க வேண்டியது இதற்குப் பின் நடந்ததை. கல்வியைத் தேடிச் சென்ற அவர் கடையை மூடிவிடவில்லை. ஒரு முறை குறையுள்ள துணி ஒன்றைத் தம் தொழில் பங்காளியிடம் அனுப்பி, குறையை எடுத்துச் சொல்லி விற்குமாறு கூறியிருந்தார். பங்காளி அதைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாம் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார் என்பது பரவலாக அறியப்பட்ட நிகழ்ச்சி. விற்பனை, கடன், கூட்டு வணிகம் குறித்து அவர் கூறிய சட்டங்கள் ஏட்டை மட்டும் பார்த்துச் சொன்னவை அல்ல. சந்தையின் நெளிவு சுளிவுகளை அறிந்தவர் சொன்னவை. கடை அவருடைய கல்வியைத் தெளிவாக்கியது; கல்வி அவருடைய கடையைத் தூய்மையாக்கியது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இந்நாட்டில் வணிகம் கல்லூரிப் பாடமாக ஆனது அண்மைக் காலத்தில்தான். மும்பையில் சிடனம் வணிகக் கல்லூரி தொடங்கப்பட்டது 1913இல். அதற்கு முன்பும் பின்பும் நம் முன்னோருக்குக் கடையே பள்ளிக்கூடம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளின் தோல் வணிகர்கள் விரலால் தடவிப் பார்த்தே தோலின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றது.

கடையிலேயே எல்லாம் கற்ற இந்த மக்கள், கடை மட்டும் போதும் என்று கருதவில்லை. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் தொடங்கப்பட்டன. திருச்சிக் கல்லூரிக்குப் பெயர் தந்த ஜமால் முஹம்மது சாஹிப் ஒரு தோல் வணிகர். காஜாமியான் இராவுத்தரும் அக்கல்லூரியின் நிறுவனராகப் போற்றப்படுகிறார். 1965இல் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரி, தோல் வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடையில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு வாரி வழங்கிய இவர்கள், தம் பேரப்பிள்ளைகளுக்குக் கடையைவிட விரிந்த பார்வை தேவைப்படும் என்று எண்ணியிருக்க வேண்டும்.

அந்த எண்ணம் சரியே என்பதைத் தோல் தொழிலின் பிற்கால வரலாறே மெய்ப்பித்தது. 1972இல் சீதாராமையா குழு, பதனிடாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் அப்படியே அனுப்பாமல், முழுமையாக முடித்த பொருள்களாக்கி ஏற்றுமதி செய்ய வேண்டும் என்னும் நோக்கில் பரிந்துரைகள் தந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி விதிகள் மாறின. தலைமுறைகளாகப் பழகிய சந்தையின் கதவு குறுகியது. தோலின் தரம் அறிந்த விரலுக்கு அரசாணையைப் படிக்கத் தெரியாது. புதிய இயந்திரத்துக்கு எவ்வளவு முதல் வேண்டும், அது எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கணக்கிடும் அறிவு வேறு.

1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பை வழங்கியது. தோல் ஆலைக் கழிவினால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதைக் குறித்த வழக்கு அது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் ஆலை இயங்கக் கூடாது என்றது. சுத்திகரிப்பு நிலையம் தனியொருவரால் ஆகும் செலவன்று. ஆலை உரிமையாளர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து கூட்டுச் சுத்திகரிப்புக் கம்பெனிகளை நடத்த வேண்டியதாயிற்று. கம்பெனிச் சட்டம், செலவுக் கணக்கியல், பங்கு முதல், வங்கிக் கடன் ஆகிய பி.காம். பாடத்தின் தலைப்புகள் அனைத்தும் அங்கே உயிரோடு வந்து நின்றன. பிறருக்குத் தீங்கிழைத்து ஈட்டும் பொருளில் பரக்கத் உண்டா என்ற மார்க்கத்தின் கேள்வியும் உடன் வந்து நின்றது. அண்டை வீட்டாரின் கிணறு உப்பாகும்போது நம் கணக்கில் வரும் இலாபம் உண்மையில் இலாபம்தானா? இதை நாம் நேர்மையாக நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆகவே வணிகம் பயிலும் நம் பிள்ளைகள் கல்லூரியில் தேட வேண்டியது, கடை கற்றுத்தர இயலாதவற்றை. தேர்வுக்கு முந்திய வாரம் கைடு வாங்கி மனப்பாடம் செய்பவருக்குப் பட்டம் கிடைக்கலாம். அரசாணையைப் படிக்கும் கண் கிடைக்காது. வகுப்பில் ஐந்தொகை கற்ற அன்றே வாப்பாவின் கடைக் கணக்கை அந்த முறையில் எழுதிப் பாருங்கள். சரக்கு எவ்வளவு தேங்கியுள்ளது, கடன் எங்கே நிற்கிறது என்பது வீட்டாருக்கே புதிய செய்தியாக இருக்கும். பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பருவத்துக்கு ஒன்றையேனும் முழுமையாகப் படியுங்கள். விடுமுறையில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் அமர்ந்து ஜி.எஸ்.டி. கணக்கைக் கையால் செய்து பழகுங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். வட்டியில்லாக் கூட்டு வணிகமான முளாரபா, முஷாரகா பற்றி ஊர் ஆலிமிடம் கேட்டு, வகுப்பில் படிக்கும் கூட்டாண்மைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவை பெண்பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும். கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தைப் பெருமையாகப் பேசும் நாம், நம் மகளிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கத் தயங்கலாமா?

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை கல்லூரியிலிருந்து வந்ததும் "மார்க் எவ்வளவு?" என்று மட்டும் கேளாமல், "நம் கடையில் எதை மாற்றலாம் என்று நினைக்கிறாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் விடை சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். மூன்றாம் ஆண்டில் அப்படி இராது.

இமாம் அவர்களைக் கடைத்தெருவிலிருந்து கல்விக்கு அழைக்க ஷஅபீ (ரஹ்) தேவைப்பட்டார். நம் பிள்ளைகளுக்காக நம் முன்னோர் கல்லூரிகளையே கட்டிவைத்துச் சென்றுள்ளனர். அது அவர்கள் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதம். கிடைத்த மூன்று ஆண்டுகளை வீணாக்காமல் அந்த அமானிதத்தை நிறைவேற்றும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக!