கொண்டுவிக்கப் போனவங்க வீட்டை யார் பாத்துக்கிட்டாங்க?

டல்லாஸ்லயோ டப்ளின்லயோ வேலை பாக்குற உங்க ஃப்ரெண்ட்ஸ் கிட்ட ஒரு பழக்கத்தைக் கவனிச்சிருப்பீங்க. தூங்கப் போறதுக்கு முன்னாடி போனை எடுத்து ஊர் வீட்டு சிசிடிவியை ஒரு தடவை திறந்து பாப்பாங்க. கேட்டு பூட்டியிருக்கு. துளசி மாடம் காஞ்சு கிடக்கு. காம்பவுண்ட் ஓரத்துல ஒரு நாய். அவ்வளவுதான், ஆப்பை மூடிட்டுத் தூங்கிடுவாங்க. சரி, ஒரு நாள் அந்த ஸ்க்ரீன்ல நாய்க்குப் பதிலா ஒரு ஆள் தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? யாரைக் கூப்பிடுவாங்க? அந்த நேரத்துல அங்க யார் ஓடுவா?

நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ல ஒரு சமூகமே இந்தக் கேள்வியோட வாழ்ந்திருக்கு. செட்டிநாட்டு நகரத்தார். இன்னிக்கு எபிசோட் அவங்க வீடுகளைப் பத்தி. ஆனா சினிமாவுல பாக்குற தேக்குத் தூண், ஆத்தங்குடி தரை, பளிங்கு, இதெல்லாம் இல்ல. அந்த வீடுகளைத் திருட்டுலேருந்து எப்படிக் காப்பாத்தினாங்கன்னு மட்டும் பாக்கலாம்.

முதல்ல பின்னணி. 1852ல இரண்டாவது ஆங்கிலேய-பர்மியப் போர் முடிஞ்சதும் கீழ் பர்மா பிரிட்டிஷ் கைக்குப் போச்சு. 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதி டெல்டா அரிசிக்கு உலகச் சந்தை கிடைச்சுது. காட்டை வெட்டி வயலாக்க பர்மிய விவசாயிக்குக் கடன் வேணும், பிரிட்டிஷ் பேங்க் அவனுக்குக் கடன் தராது. நடுவுல வந்து நின்னவங்க நகரத்தார். இலங்கை, மலேயா, சைகோன்னு பல இடத்துல கடை இருந்தாலும் பெரிய பணம் பர்மாவுலதான். 1929-30ல நடந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்க இருந்த செட்டியார் மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய்ன்னு கணக்குப் போட்டுச்சு. அன்னிக்கு 75 கோடி, மறந்துடாதீங்க.

இந்தத் தொழிலுக்குப் போறதை அவங்க பேச்சுல 'கொண்டுவிக்கப் போறது'ன்னு சொல்லுவாங்க. கடைக்கு ஏஜெண்டா போறவருக்குப் பொதுவா மூணு வருஷக் கணக்கு. மூணு வருஷம் அங்க, அப்புறம் ஊர், மறுபடி கப்பல். பெண்கள், குழந்தைகள், வயசானவங்க பெரும்பாலும் ஊரோட இருந்தாங்க. சம்பாத்தியம் எல்லாம் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு வறண்ட பூமியில வீடா, வைரமா, வெள்ளியா, பித்தளையா வந்து சேர்ந்துச்சு.

செக்யூரிட்டி ஆளுங்க பாஷையில இதோட த்ரெட் மாடலை யோசிச்சுப் பாருங்க. எந்த வீட்டு ஆம்பளை எந்த ஊர்ல இருக்கார், எப்பத் திரும்பி வருவார்ங்கிறது ஊருக்கே தெரியும். வீட்டுக்குள்ள பொருள் இருக்குன்னும் தெரியும், ஏன்னா வீடே அதைத்தான் உரக்கச் சொல்லுது. அவசரம்னு தந்தி அடிச்சாலும், ரங்கூன்ல இருக்கிறவர் கப்பல் பிடிச்சு சென்னை வந்து, ரயிலேறி ஊர் சேர நாள் கணக்காகும்.

அந்தக் காலத்துத் திருட்டு கதவு வழியா வரணும்னு அவசியமில்ல. சுவர் வழியாவே வரும். 'கன்னம் வைக்கிறது'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கன்னக்கோலால மண்சுவர்ல ஆள் நுழையிற அளவுக்கு ஓட்டை போடுறது. இது எவ்வளவு சாதாரணமா நடந்துச்சுன்னா, 1860 இந்திய தண்டனைச் சட்டத்துல 445வது பிரிவு, அதாவது வீட்டை உடைச்சு நுழையிற குற்றம், அதுக்குச் சட்டம் எழுதினவங்க கொடுக்கிற முதல் உதாரணமே சுவர்ல ஓட்டை போட்டு உள்ள கையை விடுறதுதான். சட்டப் புத்தகத்துல கன்னக்கோல்! எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

இதை மனசுல வெச்சுக்கிட்டு ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பாருங்க. தரைமட்டத்துலேருந்து நல்லா உயர்ந்த மேடை. கனமான செங்கல் சுவர், அதுக்கு மேல சுண்ணாம்புப் பூச்சு. வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். முகப்பு, திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல்னு ஒண்ணு பின்னால ஒண்ணா நீளும். வெளியாள் திண்ணையோட நின்னுக்கணும். கொடுக்கல் வாங்கல், கணக்கப்பிள்ளை எல்லாம் அங்கேயே. வளவு வரைக்கும் வர சொந்தக்காரனா இருக்கணும். எங்க துறையில இதுக்குப் பேர் 'டிஃபென்ஸ் இன் டெப்த்'. ஒரு கதவு போனாலும் அடுத்தது இருக்கும். திருடனுக்காக மட்டுமா இப்படிக் கட்டினாங்கன்னா, இல்ல. கல்யாணம், மழைத்தண்ணி, வெயில்னு பல காரணம் சேர்ந்திருக்கு. ஆனா கன்னக்கோலோட வந்தவனுக்கு இது மோசமான வீடு, அதுல சந்தேகமில்ல.

பூட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1818ல இங்கிலாந்துல ஜெரமையா சப் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். கள்ளச் சாவி போட்டா அது திறக்காது. அதோட ஒரு லிவர் மாட்டிக்கிட்டு நிக்கும், அடுத்து ஓனர் வந்து சாவி போடும்போது 'யாரோ கை வெச்சிருக்காங்க'ன்னு தெரிஞ்சுடும். ஃபெயில்டு லாகின் அலர்ட், 1818லயே! 1851 லண்டன் கண்காட்சி சமயத்துல ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கர் அதை 25 நிமிஷத்துல திறந்து காட்டினாரு, அது வேற கதை. 1897ல அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில பூட்டுத் தொழில் ஆரம்பிச்சார், கொஞ்ச வருஷத்துல இரும்புப் பெட்டியும் வந்துச்சு. நம்ம பக்கம் திண்டுக்கல் பூட்டு. அதுக்கும் செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைக்கும் 2019ல ஒரே சமயத்துல புவிசார் குறியீடு கிடைச்சது ஒரு நல்ல தற்செயல்.

சப் பூட்டுல ஒரு பிடி இருக்கு. அந்த அலர்ட்டைப் பாக்க ஓனர் வந்து சாவி போட்டாகணும். ரங்கூன்ல இருக்கிறவருக்கு அதனால என்ன பிரயோஜனம்? அதனாலதான் நான் பூட்டை விட்டுட்டு ஆட்கள் பக்கம் போறேன்.

செட்டிநாட்டு வீட்டுல கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. நாலு மகன்னா நாலு புள்ளி. கல்யாணத்துக்கு அப்புறம் 'வேறு வைக்கிறது'ன்னு ஒரு வழக்கம் உண்டு. ஒரே வீடுதான், ஆனா தனித்தனி அடுப்பு, தனித்தனி செலவுக் கணக்கு. வளவைச் சுத்தி ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனிப் பூட்டு, தனிச் சாவி. நடுவுல இருக்கிற வளவு எல்லாருக்கும் பொது. அதாவது எந்த ஒரு அறைக்குப் போகணும்னாலும் எல்லாரும் நடமாடுற இடத்தைத் தாண்டித்தான் போகணும். ஒரு புள்ளியோட ஆம்பளை பினாங்குல இருந்தாலும், இன்னொரு புள்ளியோட ஆள் மூணு வருஷம் முடிஞ்சு ஊருக்கு வந்திருப்பார். ஆச்சிமார், வேலைக்காரங்க, கணக்கப்பிள்ளைன்னு வீடு எப்பவும் சத்தமாவே இருந்துச்சு.

அடுத்தது, எழுத்து. கல்யாணம் ஆனா 'இசைகுடிமானம்'னு பத்திரம் எழுதுவாங்க. பொண்ணுக்கு வர்ற சீர் சாமானுக்கும் பட்டியல் உண்டு. இதை நாம சடங்குன்னு நினைக்கலாம். ஆனா வீட்டுக்குள்ளேயே நடக்கிற சின்னச் சின்னத் திருட்டுக்குப் பட்டியலை மாதிரி எதிரி கிடையாது. என்ன இருந்துச்சுன்னு எழுதி வெச்சாத்தானே என்ன காணோம்னு தெரியும்?

கடல் தாண்டின இடத்துலயும் இதே புத்திதான். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்ல, பினாங்குல எல்லாம் இருந்த 'கிட்டங்கி'யைப் பாருங்க. நீளமான ஒரே ஹால். ஒவ்வொரு கடைக்காரருக்கும் கொஞ்சம் இடம், ஒரு மேசைப் பெட்டி, ஒரு பீரோ. பகல்ல அங்கேயே வியாபாரம், ராத்திரி அங்கேயே தூக்கம். பக்கத்துக் கடை போட்டிக் கடைதான், ஆனா ராத்திரி அவன்தான் உங்களுக்குக் காவல்.

காவல்னு சொன்னதும் இந்தக் கதையோட கசப்பான பக்கத்துக்கு வந்தாகணும். தென் மாவட்டங்கள்ல போலீசுக்கு முன்னாடி இருந்தது காவல் முறை. ஊர் சேர்ந்து காவல்காரருக்கு அறுவடையில ஒரு பங்கு கொடுக்கும். திருட்டுப் போனா பொருளை அவர் மீட்டுத் தரணும், இல்லேன்னா ஈடு கட்டணும். இப்ப எந்த செக்யூரிட்டி ஏஜென்சி இப்படி எஸ்எல்ஏ கொடுக்குது? ரொம்ப ரொமான்டிக்காவும் பாக்க வேண்டாம். காவல் கூலி கொடுக்கலேன்னா மாடு காணாமப் போகும், அப்புறம் 'துப்புக்கூலி' கொடுத்தா திரும்பி வரும்ங்கிறதும் அதே முறையோட இன்னொரு முகம்.

1859ல மதராஸ் மாகாணத்துக்குப் புது போலீஸ் சட்டம் வந்துச்சு. காவல்காரரோட வேலை, வருமானம், மரியாதை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சட்டவிரோதமாச்சு. வடக்குல 1871ல கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டம், 1911 திருத்தத்துக்கு அப்புறம் மதராஸ்லயும் பாய்ஞ்சுது. மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர்கள் மொத்தமா அதுல சிக்கினாங்க. பொறந்த சாதியே குற்றம். கைரேகை பதியணும், ராத்திரி ஆஜராகணும், ஊரைத் தாண்ட 'ராதாரிச் சீட்டு' வாங்கணும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மறுத்த மக்கள் மேல போலீஸ் சுட்டதுல 16 பேர் செத்தாங்க. மதராஸ்ல அந்தச் சட்டம் ரத்தானது 1947லதான்.

இதையும் கப்பலையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அன்னிக்கு பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு பகுதி. பணக்கார வணிகர் ஒருத்தர் டிக்கெட் எடுத்தா ரங்கூன் போயிடலாம். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகக் கையில சீட்டு வேணும். ரெண்டும் ஒரே அரசாங்கம், ஒரே காலம். தலைமுறை தலைமுறையா ஊரைக் காவல் காத்தவங்களைத் திருடன்னு முத்திரை குத்திட்டு, அந்த இடத்துல அரசாங்கம் வெச்சது எங்கேயோ இருக்கிற ஒரு ஸ்டேஷனை.

இவ்வளவு சொல்லிட்டேன், கடைசியில அந்த வீடுகள் திருடு போச்சா இல்லையா?

முதல்ல பணம் போச்சு. 1930 பெருமந்தத்துல அரிசி விலை சரிஞ்சு, கடனை அடைக்க முடியாத விவசாயிங்க நிலம் கடன் கொடுத்தவங்க கைக்கு வந்துச்சு. கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930ல 6 சதவீதம், 1938ல 25 சதவீதம். கையில காசு இல்ல, மண்ணு மட்டும் இருக்கு, அந்த மண்ணைப் பறிகொடுத்தவங்களோட கோபமும் கூடவே இருக்கு. அந்தக் கோபத்துல நியாயம் இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். 1942 மார்ச்ல ரங்கூன் ஜப்பான் கைக்குப் போச்சு. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பல்லயும் காட்டு வழியாவும் தப்பிச்சு வந்தாங்க. பர்மா சுதந்திரம் வாங்கின 1948லயே நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம் வந்துச்சு. 1962ல நே வின் ஆட்சியைப் பிடிச்ச பிறகு பேங்க், கடைன்னு மிச்சமும் போச்சு.

ஊர்ல வீடு அப்படியே நின்னுச்சு. ஆனா வெளியூர்ச் சம்பாத்தியம் நின்னுபோன வீட்டுல யார் இருப்பா? அடுத்த தலைமுறை சென்னை, கோயம்புத்தூர், அப்புறம் அமெரிக்கான்னு கிளம்பிருச்சு. இந்தத் தடவை குடும்பத்தோட. புள்ளிக் கணக்கு என்னாச்சுன்னு ஒரு சின்ன கால்குலேஷன். தாத்தாவுக்கு நாலு மகன், ஒவ்வொருத்தருக்கும் மூணு, அவங்களுக்கு மூணு மூணு. 36 பங்காளி. ஒரு ஓடு மாத்த 36 பேர் சம்மதம். வீட்டை மொத்தமா விக்க 36 கையெழுத்து. ஆனா உள்ள இருக்கிற சாமானைப் பங்கு போடுறது மட்டும் சுலபம்.

பங்கு போட்டாங்க. ஒரு காலத்துல யார் கண்லயும் படாம ஒரு சொம்பைக் கூட வெளிய கொண்டுபோக முடியாத வீட்டுலேருந்து பாத்திரம், கண்ணாடி, பீங்கான், ரவிவர்மா படம்னு பட்டப்பகல்ல, முன்வாசல் வழியா, ரசீதோட வெளிய போச்சு. சில இடங்கள்ல அடுத்து கதவு, நிலை, தூண். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழம்பொருள் கடைகளுக்குப் போனா அந்த வீடுகளை நீங்க பாகம் பாகமாப் பாக்கலாம். சென்னையிலேருந்து மாமல்லபுரம் போற வழியில முட்டுக்காட்டுல தட்சிணசித்ரான்னு அருங்காட்சியகம் இருக்கு, 1996ல திறந்தது. அங்க இருக்கிற செட்டிநாட்டு வீடும் பிரிச்சுக் கொண்டுவந்து மறுபடி கட்டினதுதான். அது அந்த வீட்டோட அதிர்ஷ்டம். பல வீட்டுத் தேக்கு எந்த ஹோட்டல் ரிசப்ஷன்ல நிக்குதோ.

2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம் பிடிச்சுது. உத்தேசப் பட்டியல்தான், இறுதிப் பட்டியல் இல்ல.

இன்னிக்கும் நல்லா இருக்கிற வீடுகளை விசாரிச்சா காரணம் பெரும்பாலும் சாதாரணமா இருக்கும். சிலது ஹோட்டல் ஆயிருச்சு. சில வீட்டுல வருஷா வருஷம் முன்னோருக்குப் படைப்பு நடக்குது, பங்காளிங்க வந்து சேருறாங்க, அதுக்காகவாவது ஒட்டடை அடிச்சு, மோட்டார் ஓடுதான்னு பாக்க வேண்டியிருக்கு. இன்னும் சிலதுல எல்லாப் புள்ளியும் சேர்ந்து மாசாமாசம் பணம் போட்டு ஒரு குடும்பத்தைக் காவலுக்கு வெச்சிருக்காங்க. நீங்க போய்க் கதவைத் தட்டினா, ஐம்பது அறை வீட்டுக்குள்ள எங்கேயோ டிவி ஓடுற சத்தம் கேக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு அம்மா கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, "யாருங்க, உள்ள பாக்கணுமா?"ன்னு கேப்பாங்க.

திண்டுக்கல் பூட்டைப் பத்தி நிறையப் பேசணும்னு ஆசை, நேரம் இல்ல. அது அடுத்த எபிசோட். உங்க வீட்டுல பழைய பூட்டு இருந்தா எடுத்து வைங்க. சாவி தொலைஞ்சிருந்தாலும் பரவாயில்ல.